ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்வி வரும். அதற்கான விடை, படம் வருவதற்கு முன்பே தயாராக இருக்கும் பள்ளிகள் நம் ஊரில் ஏராளம். 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று இப்போது நாகரிகமாக அழைக்கப்படும் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் தாளிலேயே அது இருக்கும். தி பிக்சர் இஸ் வெரி பியூட்டிஃபுல். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச். இட் இஸ் எ கலர்ஃபுல் பிக்சர். இப்படி ஐந்து. படத்தில் வெள்ளத்தில் மூழ்கிய வீடு இருந்தாலும் அது பியூட்டிஃபுல்தான். வினாத்தாள் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்தாலும் கலர்ஃபுல்தான். திருத்துகிறவர் சிரித்துக்கொண்டே ஒன்றோ இரண்டோ மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்.

இந்த ஐந்து வாக்கியங்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. பத்து வருடம் ஆங்கிலம் படித்தும் ஒரு படத்தைப் பார்த்து 'பாய்', 'ட்ரீ' என்றுகூட எழுதத் துணிவில்லாத பிள்ளையும், அதைத் தேர்ச்சி பெற வைத்தாக வேண்டிய ஆசிரியரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி அது. "பாஸ் ஆகணும்ல சார்" என்பார் ஆசிரியர். அவர் சொல்வதில் தவறில்லை. இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம், வெளியேற இதுவரை யார் யார் என்ன செய்து பார்த்தார்கள், எது எவ்வளவு பலித்தது என்று தொகுத்துப் பார்க்க முயல்கிறேன். மனத்தில் இருப்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. அதிலும், தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை.

இரண்டாம் மொழி என்று ஒரு பெயர்

1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்திலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை நடப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஆங்கிலம் இரண்டாவது மொழி. மொழி கற்பித்தல் துறையில் இந்தப் பெயருக்குப் பொருள் வேறு. வகுப்பைவிட்டு வெளியே வந்தாலும் காதில் விழுந்துகொண்டே இருப்பது இரண்டாம் மொழி. மணி அடித்ததும் நின்றுபோவது அயல்மொழி. இலண்டனுக்குக் குடிபோன யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது அயல்மொழி. சென்னையில் மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போகும், அப்பா அம்மா வீட்டிலும் ஆங்கிலம் கலந்து பேசும் பிள்ளைக்கோ அது கிட்டத்தட்ட தாய்மொழிக்கு அடுத்த வீடு. இந்தக் கடைசி இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சமச்சீர்ப் பாடநூல், ஒரே வினாத்தாள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு ஒரு பீரியட், முக்கால் மணி நேரம். ஆண்டுக்கு 200 வேலை நாள். மொத்தம் 150 மணி நேரம். குழந்தை விழித்திருக்கும் நேரம் நாளுக்குப் பன்னிரண்டு மணி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஓர் ஆண்டின் ஆங்கிலம் முழுவதும் பன்னிரண்டரை நாளில் முடிந்துவிடுகிறது. பத்தாண்டுப் பள்ளிப் படிப்பையும் சேர்த்தால் நான்கு மாதம். தாய்மொழிச் சூழலில் நான்கு மாதம் வளர்ந்த குழந்தை என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். அந்த 150 மணி நேரத்திலும் வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், "அமைதியா இருங்கடா" எல்லாம் கழிய வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காமல் பிள்ளைகளை மட்டும் பேசவிட்டாலும் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும்.

இந்தப் பற்றாக்குறை அளவெடுப்பிலும் தெரிகிறது. ஆண்டறிக்கையாக வெளிவரும் 'அசர்' கிராமப்புறக் கணக்கெடுப்பு, 2022இல் இந்திய அளவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 24.5 விழுக்காட்டினரால்தான் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தது என்றது. 2016இல் அது 24.7. ஆறு ஆண்டுகளில் எதுவும் அசையவில்லை. 2023இல் 14 முதல் 18 வயதினரைப் பார்த்தபோது 57.3 விழுக்காட்டினர் வாசித்தார்கள். வாசித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாசித்ததன் பொருள் தெரியவில்லை. பொருள் தெரியாமல் வாசிப்பதை நாம் வாசிப்பு என்றே கணக்கில் சேர்த்துக்கொண்டு வருகிறோம். படத்தைப் பார்க்காமலேயே எழுதும் அந்த ஐந்து வாக்கியங்களுக்கு இதுதான் பிறந்த வீடு.

செய்து பார்த்தவர்கள்

முயலாமல் யாரும் இருந்துவிடவில்லை. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பாதியில் படிப்பை விடும் பிள்ளைக்கு அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன லாபம்? பாதிப் பேச்சு எதற்கும் உதவாது, பாதி வாசிப்பு உதவும் என்பது அவர் முடிவு. ஆகவே முதலில் வாசிப்பு என்றார். அதற்காகச் சொற்களை எண்ணி, அடிக்கடி வருபவற்றை மட்டும் வைத்துக் கதைகளைச் சுருக்கி எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியல் இன்றும் பாடநூல் எழுதுவோருக்கு அடித்தளம். நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட கேள்வியை நம் பாடத்திட்டக் குழுக்கள் இன்னும் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்பேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு வாக்கிய அமைப்புகளின் காலம் வந்தது. எளிய அமைப்பிலிருந்து கடினமான அமைப்புக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, வாய்விட்டுச் சொல்லவைத்துப் பழக்குவது. 'திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ டோர்' என்று கையை நீட்டி நீட்டிச் சொன்ன தலைமுறை இன்றும் இருக்கிறது. இந்த முறையைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக, 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய இயக்கமே நடந்தது. 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இலக்கு. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுப்பது. உருண்டு உருண்டு பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பனி பார்க்காத ஊரில் பனிப்பந்து! பந்து உருள உருளப் பெருத்தது என்னவோ உண்மை. உள்ளே இருந்த சரக்கு கைமாறக் கைமாற நீர்த்துப் போவதை எந்த அடுக்குப் பயிற்சியாலும் தடுக்க முடிவதில்லை. மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு என்று இன்றைக்கும் நம் பயிற்சி அதே படிக்கட்டில்தான் இறங்குகிறது.

இதற்கெல்லாம் மாற்றாக உலகமே திரும்பிப் பார்த்த ஒரு சோதனை நம் பக்கத்தில் நடந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பகுதிகளின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் அதை நடத்தினார். 'பெங்களூர்த் திட்டம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இலக்கணத்தை வரிசையாகக் கற்பிப்பதில்லை. வாக்கியங்களை உருப்போட வைப்பதில்லை. பிள்ளைகள் முன்னால் ஒரு சிக்கலை வைப்பார்கள். ஒரு ரயில் கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு பள்ளிக் கால அட்டவணை. காலையில் இந்த ஊரிலிருந்து கிளம்பி மாலைக்குள் அந்த ஊர் போய்ச் சேர எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்? முதலில் ஆசிரியர் இதேபோன்ற ஒரு கணக்கை வகுப்போடு சேர்ந்து வாய்விட்டுப் போட்டுக் காட்டுவார். பிறகு பிள்ளைகள் தாங்களே போட வேண்டும். பிள்ளையின் கவனம் முழுவதும் ரயிலைப் பிடிப்பதில் இருக்கும். மொழி அதன் வழியில் உள்ளே இறங்கும்.

பிரபு செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அயல்நாட்டுப் பயிற்சியாளர்கள் 'குழுவாக உட்காரவையுங்கள், பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர் அதைத் தவிர்த்தார். ஆங்கிலம் தெரியாத நான்கு பேரைக் கூட்டிவைத்தால் ஒருவர் பிழையை மற்றவர் கற்றுக்கொள்வார் என்பது அவர் வாதம். ஆசிரியர் முன்னே நின்று முழு வகுப்போடும் பேசும் நம் வகுப்பறையை அவர் இழிவாக நினைக்கவில்லை. கரும்பலகையும் சாக்பீஸும் போதும் என்று வடிவமைத்தார்.

திட்டத்தின் முடிவில் சோதித்துப் பார்த்தார்கள். இலக்கண அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். எந்த முறைக்கும் சாயாத தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். ஆனால் பின்னாளில் செய்த ஆய்வு கசப்பான ஒன்றையும் காட்டியது. திட்டத்துக்கென வந்து பாடம் எடுத்தவர்களால் செய்ய முடிந்ததை, அந்தப் பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் பலரால் செய்ய முடியவில்லை. முறைக்கு ஈடுகொடுக்கும் அளவு ஆங்கிலமும் துணிவும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. மாநிலப் பாடத்திட்டமாக அது மாறவே இல்லை. 1990இல் பிரபு எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, சிறந்த முறை என்று ஒன்று இல்லையே, ஏன் என்று கேட்டது. சில ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பா. குமரவடிவேலு, முறைகளுக்கு அப்பால் போக வேண்டும் என்றே ஒரு கோட்பாட்டை எழுதினார். உலக அளவில் முறைகளின் மீது கேள்வி எழுப்பிய இரண்டு பெயர்கள் இந்த மண்ணோடு தொடர்புடையவை என்பது தற்செயல் இல்லை. இங்கே வகுப்பெடுத்துப் பார்த்தவருக்கு எந்த முறையும் முழுதாகச் செல்லாது என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

கண்ணாடியில் தெரியும் வாக்கியம்

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏன் கடினம் என்று கேட்டால், 'கிராமர் வீக்' என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலால் யாருக்கும் பயன் இல்லை. இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

'நேற்று மதுரையிலிருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்த பேனா தொலைந்துவிட்டது.' ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும் வாக்கியம். பேனா, தன்னைப் பற்றிய சேதியெல்லாம் முன்னே போனபிறகு, மாப்பிள்ளை போலக் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் பேனா முதலில் வந்து நின்றுவிடும். யார் வாங்கியது, அவர் எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் பின்னால் வரும். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் மாறுகிறது. தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றும் பிள்ளை நடுவழியில் சிக்கிக்கொள்வதற்கு மூளை மந்தம் காரணம் இல்லை.

'எனக்கு இரண்டு தம்பிகள்' என்பதில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலம் அங்கே 'ஹேவ்' கேட்கும். தமிழில் 'செய்கிறேன்' ஒன்றே தினமும் செய்வதையும் இப்போது செய்துகொண்டிருப்பதையும் சொல்லிவிடும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. இந்த இரண்டு வேறுபாடும் ஒன்றுசேரும்போது 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' பிறக்கிறது. நாற்பது ஆண்டு அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வாயிலும் இது வரும். 'காந்தி எத்தனையாவது பிள்ளை' என்பதை ஆங்கிலத்தில் நேராகக் கேட்க வழியே இல்லை என்பதை எல்லா ஊர் ஆசிரியர்களும் புதிர் போலப் போட்டிருப்பார்கள். ஒரு மொழியில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகும் என்பதைப் பிள்ளை முதன்முதலில் ரசித்துக் கேட்கும் இடம் அது. அதைப் புதிரோடு விட்டுவிடுகிறோம்.

வேறுபாட்டைச் சொல்வதோடு நின்றால் பாதி வேலைதான். தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 'எ', 'தி' இரண்டும் தமிழில் இல்லை, அதனால் பிள்ளைக்கு ஏறவே ஏறாது என்பார்கள். 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். ஆங்கிலம் 'தி' போட்டுச் செய்யும் வேலையில் ஒரு பங்கைத் தமிழ் 'ஐ' உருபை வைத்துச் செய்துவிடுகிறது. இதைச் சொல்லித் தொடங்கினால் பிள்ளைக்குப் புரிகிறது. அதேபோல, 'ஹி கம்ஸ்' என்பதில் வரும் அந்த ஒற்றை 'ஸ்' எதற்கு என்று கேட்கும் பிள்ளையிடம், வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள் என்று ஆளுக்கு ஒரு விகுதி போடும் மொழியை நீ மூன்று வயதிலேயே கற்றுவிட்டாய், ஆங்கிலத்தில் அதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று சொல்லலாம். இலக்கண நூலின் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு வாக்கியம் தைரியம் கொடுக்கும்.

ஒலியில் சிக்கல் இன்னும் ஆழம். தமிழ் எழுத்து ஒன்றைச் சொன்னால் அதுவே அதன் ஒலி; 'ப' என்றால் 'ப'. அந்த நம்பிக்கையோடு வரும் பிள்ளையிடம் 'சி, ஏ, டி, கேட்' என்கிறோம். மூன்று பெயரையும் கூட்டினால் 'சியேடி'தானே வர வேண்டும்? 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி என்ற செய்தி அதற்கு யாரும் சொல்வதில்லை. ஸ்பெல்லிங்கைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்வதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. அடுத்து, படிக்கத் தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்ளும். தமிழ் எழுத்தில் 'பேட்' என்று எழுதினால் அது மட்டையாகவும் இருக்கலாம், எழுதும் அட்டையாகவும் இருக்கலாம், தட்டிக்கொடுப்பதாகவும் இருக்கலாம், கெட்டது என்றும் இருக்கலாம். நான்கு தனிச் சொற்கள் ஒரு குடைக்குள் வந்துவிடுகின்றன. எழுத்தின் பெயரை விட்டு ஒலியைக் கற்பிக்கும் முறை இப்போது ஆசிரியர் பயிற்சிகளில் பரவலாகி இருக்கிறது. எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்தின் ஒலியைக் கற்றவுடனே பிள்ளை பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தானே கூட்டி வாசித்துவிடும். நடப்பில் இருக்கும் உத்திகளில் சந்தேகமே இல்லாமல் பலன் தருவது இது என்று நினைக்கிறேன். ஆனால் கற்பிப்பவர் வாயில் அந்த ஒலிகள் சரியாக வர வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் அது வராது.

தமிழில் பேசினால் அபராதம்

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் வாங்கும் தனியார் பள்ளிகளைப் பார்த்து, சில அரசுப் பள்ளிகளும் அந்த மோகத்தில் விழுந்திருக்கின்றன. தெரிந்த மொழியில் பேசாதே என்றால் பிள்ளை தெரியாத மொழியில் பேசாது, பேசாமலே இருந்துவிடும். தாய்மொழியில் வேரூன்றிய வாசிப்பும் சிந்தனையும் அடுத்த மொழிக்குக் கைமாறும் என்று கனடாவில் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் சொல்லிவந்திருக்கிறார். தமிழிலேயே கதை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு மட்டும் எங்கிருந்து வரும்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தம் நூலில் ஒரு காட்சியைச் சொல்கிறார். அமெரிக்க நகர வாழ்க்கையைக் காட்டும் பாடநூல் ஒன்று வகுப்பில் நடக்கிறது. வெளியே போர். மாணவர்கள் ஆங்கிலம் அவசியம் என்றுதான் வாயால் சொல்கிறார்கள். ஆனால் அவர்களின் புத்தக ஓரங்களைப் பார்த்தால் கதையே வேறு. படங்கள், குறிப்புகள், தமிழ் எழுத்துகள் என்று அவர்களின் உலகம் அங்கே ஒதுங்கியிருக்கிறது. சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. தெரிந்தவர் தெரியாதவரை வெட்டும் ஆயுதம். நம் ஊரில் அதற்கு அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். வெட்டு விழாமல் இல்லை.

அந்த ஓரத்துக் குறிப்புகளை வகுப்பின் நடுவே கொண்டுவருவது ஒரு உத்தி. பள்ளிக்கு வரும் முன்பே கிராமத்துப் பிள்ளையின் வாயில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. பஸ், டிக்கெட், ரேஷன், டோக்கன், கரண்ட், சார்ஜர், சிமெண்ட். செல்பேசியில் விளையாடும் பையன்களிடம் இன்னும் ஒரு மூட்டை. முதல் வாரம் வேறு எதுவும் செய்யாமல் இந்தச் சொற்களைப் பலகையில் ஏற்றினால், 'எனக்கு ஆங்கிலம் தெரியாது' என்று வந்த பிள்ளை தனக்கு இருநூறு சொல் தெரிவதைக் கண்ணால் பார்க்கும். 'கரண்ட்' என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல்லும் உண்டு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பயிற்று மொழி விவகாரத்தை இங்கே தனியாக வைக்கிறேன். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பெற்றோர் தனியார் பள்ளிக்கு ஓடுவதைத் தடுக்க அரசுக்கு வேறு வழி தெரியவில்லை. பல வகுப்பறைகளில் நடப்பது இதுதான்: ஆசிரியர் ஒளிச்சேர்க்கையைத் தமிழில் விளக்குவார், நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார், பிள்ளை அதை மனப்பாடம் செய்யும். இதில் அறிவியலும் பாதி, ஆங்கிலமும் பாதி. மலேசியா 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடக்கம். 2009இல் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆங்கிலத்தைக் கற்பிக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தைத்தான் கற்பிக்க வேண்டும். ஒளிச்சேர்க்கையை அதற்குப் பலி கொடுத்துப் பயனில்லை.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்தது. எல்.கே.ஜி.யிலேயே தொடங்க வேண்டும் என்பார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா ஆய்வாளர்கள் எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினோரு வயதில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு மணி நேரம் கற்றபின் ஒப்பிட்டார்கள். பெரிய பிள்ளைகளே முந்தினார்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் கிடைக்கும் பள்ளியில் வயதைவிட மொத்த நேரமும் அதன் தரமும்தான் பேசும்.

கதைப் புத்தகங்கள்

அந்தப் பன்னிரண்டு நாளை எப்படி நீட்டுவது? பீரியடைக் கூட்ட முடியாது. ஆங்கிலம் பேசும் ஆட்களை ஊருக்கு ஊர் குடியேற்றவும் முடியாது. மலிவான வழி ஒன்றுதான் இருக்கிறது. அது வாசிப்பு.

ஃபிஜித் தீவில் 1980இல் வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழி ஃபிஜியன் அல்லது ஹிந்தி. எட்டுக் கிராமப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏறத்தாழ 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொட்டினார்கள். படம் நிறைந்த, பிள்ளைக்குப் பிடிக்கிற புத்தகங்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டிப் பேசினார். சிலவற்றில் பிள்ளைகள் மௌனமாக வாசித்தார்கள். எட்டு மாதத்தில் இந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, பழைய முறைப் பிள்ளைகளைவிட இரு மடங்கு வேகத்தில் முன்னேறியது. இரண்டாம் ஆண்டில் எழுதுவதிலும் அந்த வேகம் தெரிந்தது. ஆசிரியரின் உச்சரிப்புக் குறையைக்கூடப் புத்தகம் பாதி ஈடுகட்டிவிடும்.

நம் தொடக்கப் பள்ளிகளில் பாடநூலைத் தவிர, பிள்ளை கையில் எடுத்துப் புரட்டக்கூடிய எளிய ஆங்கிலக் கதைப் புத்தகம் எத்தனை இருக்கிறது? இருந்தாலும் பீரோவுக்குள் பூட்டி, இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு வைத்திருப்பார்கள். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்பது தலைமையாசிரியரின் நியாயமான பயம். தணிக்கைக்கு வருகிறவருக்குக் கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம் என்று யாராவது எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே பீரோ திறக்கும்.

பிள்ளையின் நிலையறிந்து கற்பிப்பதில் தமிழ்நாடு சில நல்ல அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுதும் போன செயல்வழிக் கற்றலில், பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏணிப்படி ஏறியது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, தமிழ், கணக்கோடு ஆங்கிலத்தையும் கற்பிக்கிறது. நான் கேட்டவரை ஆசிரியர்கள் இதன் எண்ணத்தை ஒப்புக்கொள்கிறார்கள். அன்றாடம் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்களைச் சொல்லித்தான் அலுத்துக்கொள்கிறார்கள். ஈராசிரியர் பள்ளியில் இருவர் ஐந்து வகுப்பையும், எல்லாப் பாடத்தையும், மூன்று நிலையையும் கவனித்துவிட்டுப் படிவமும் நிரப்ப வேண்டும் என்பது உத்தி ஆகாது.

ஆசிரியரின் ஆங்கிலத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பலர் தாங்களே இந்தப் பன்னிரண்டு நாள் ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சி என்றால் புதிய முறையின் பெயரும் அதற்கான படிவமும் கொடுக்கிறோம். அவர்களுக்குத் தேவை, தங்கள் ஆங்கிலத்தைக் கூச்சமில்லாமல் வளர்த்துக்கொள்ள ஓர் இடம். மாதம் ஒரு கதைப் புத்தகத்தைச் சேர்ந்து வாசித்து, அதைப் பற்றித் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் பத்து ஆசிரியர்கள், நான்கு நாள் பணியிடைப் பயிற்சியைவிட அதிகம் கற்பார்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று மட்டும் மாறாவிட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு உள்ள நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. மனப்பாடச் செய்யுளை அடிமாறாமல் எழுதினால் மதிப்பெண். பத்தி விடையைக் கைடில் இருப்பதுபோல எழுதினால் மதிப்பெண். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியுமா, எதிரே பேசுகிறவர் சொல்வது புரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததை எந்த ஆசிரியரும் கற்பிக்க மாட்டார், நேரம் இல்லை. பிறகு அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து, நேர்காணலில் தடுமாறி, 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகுப்புக்குப் பணம் கட்டுகிறது.

பேச்சுத் தேர்வு வைத்தால் எல்லாரும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். போடட்டும். அதற்காகவாவது வகுப்பில் பேசவைப்பார்கள். ஒரு படத்தைக் காட்டி, 'இதில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டு, பிள்ளை இரண்டு சொல்லில் பதில் சொன்னாலும் மதிப்பெண் கொடுக்கட்டும். அந்தப் பதிலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க முடியாது. இது நடக்காத காரியமும் இல்லை. அதே பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்குத்தான். மீதி 25 செய்முறைத் தேர்வுக்கு.